மலையைக் காத்தால் முதலீடு ஓடிவிடுமா?

பேரா மாநிலத்தில் ஒரு காட்டையோ மலையையோ பாதுகாக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், "அப்புறம் முதலீடு எப்படி வரும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை யார் கொடுப்பது?" என்று உடனே கேட்கிறார்கள். அரசியல் மேடையிலும் கேட்கிறார்கள், கோயில் கூட்டத்திலும் கேட்கிறார்கள். பாதுகாத்த நிலம் முடங்கிய நிலம் என்ற இந்த எண்ணம் நாம் பட்ட அனுபவத்துக்கே நேர் எதிரானது.

எதையும் பாதுகாக்காத காலத்தை இந்த மாநிலம் நெடுநாள் பார்த்துவிட்டது. கிந்தா பள்ளத்தாக்கைக் குடைந்து ஈயம் எடுத்தார்கள். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் முதலாளிகள் போனார்கள், ஈயக்குட்டைகள் மிஞ்சின. ஈப்போ இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். ரப்பர் தோட்டங்களில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், இல்லையென்றால் வீடமைப்புக்கு விற்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய நம் குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு வெளியேறின. அந்த நிலங்களில் எந்த வனவிலங்குக் காப்பகமும் குறுக்கே நிற்கவில்லை. வந்த பணம் நம் கைக்கு எட்டாமலே போனது.

இன்று ஈப்போவைச் சுற்றிப் பணம் எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தம்பூனில் சன்வே குழுமம் 2004இல் கேளிக்கைப் பூங்காவையும், பின்னர் பஞ்சாரான் வெந்நீரூற்று விடுதியையும் கட்டியது சுண்ணாம்புக்கல் மலைகளின் அடியில்தான். அந்த மலையும் வெந்நீரும் இல்லாவிட்டால் அங்கே போக யாருக்கும் காரணம் இல்லை. கோப்பேங்கிலும் அப்படித்தான்: குவா தெம்புரோங் குகை, கம்பார் ஆற்றுப் படகுச் சவாரி, உலு கெரோவில் பூக்கும் ரஃப்லேசியா. அந்தப் பூவைக் காட்ட வழிகாட்டிகளாக வருபவர்கள் செமாய் பூர்வகுடி மக்கள். மேலே காட்டை வெட்டி ஆறு சேறானால் அந்தப் படகுச் சவாரி என்ன ஆகும்?

முதலீட்டாளர் உண்மையில் அஞ்ச வேண்டியது அரைகுறைப் பாதுகாப்பைக் கண்டுதான். கிந்தா பள்ளத்தாக்குக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்கா என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம் தனியாக எந்த மலையையும் சட்டப்படி காப்பதில்லை. பள்ளத்தாக்கில் கல் குவாரிகள் இன்னும் மலையை உடைக்கின்றன. நிரந்தர வனக் காப்பகம் என்று அரசிதழில் வந்த நிலத்தையும் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி மாநில அரசு விலக்கிவிட முடியும். எதிரே இருக்கும் குன்று பத்து வருடம் கழித்தும் நிற்குமா என்று தெரியாத இடத்தில் யார் விடுதி கட்டுவார்கள்? மாறாக, 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவான லங்காவியில், கீலிம் கிராமத்து மக்கள் கூட்டுறவு வைத்துச் சதுப்புநிலக் காட்டுக்குள் படகு ஓட்டுகிறார்கள். அந்தக் காடு நிலைக்கும் என்ற நம்பிக்கையில் நடக்கிற தொழில் அது.

மாநில அரசின் சங்கடம் எனக்குப் புரிகிறது. நிலமும் காடும் அரசமைப்புப்படி மாநிலத்தின் கையில் இருக்கின்றன. நிலப் பிரீமியமும் மரம் வெட்ட விடும் கட்டணமும் கஜானாவுக்கு வரும். நிற்கிற மரம் எதுவும் தராது. 2007இல் அரசிதழில் பதிவான 1,17,500 ஹெக்டேர் ரோயல் பெலும் பூங்காவைக் காக்கும் பேராவுக்கு இது சிறு பாரமல்ல. ஆனால் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென்று கூட்டரசு 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2025இல் அது 25 கோடி. எல்லா மாநிலங்களும் பங்கு போடுவதால் இது போதாது. சண்டை போட வேண்டியது இந்தத் தொகையைக் கூட்டத்தான். மலையை விற்க அனுமதி கேட்டு அல்ல.

பாதுகாப்பு தானாகவே ஏழைக்குச் சோறு போடும் என்றும் நான் சொல்லவில்லை. பெலும் காட்டுக்குள் வாழும் ஜஹாய் பூர்வகுடி மக்களின் நில உரிமையை மதிக்காமல் அங்கே எழும் எந்தச் சுற்றுலாவும் அநியாயம். அதனால்தான் கோரிக்கை இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்: கிந்தாவின் மலைகளை அடுத்த குவாரி உரிமத்துக்கு முன்பே அரசிதழில் ஏற்றுங்கள். அங்கே வழிகாட்டிக்கும் படகுக்கும் தங்கும் வீட்டுக்கும் தரும் உரிமங்களில் முதல் பங்கைப் பூர்வகுடி மக்களுக்கும், தோட்டத்தை இழந்து பக்கத்துத் தாமான்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் எழுதி வையுங்கள்.