ஐம்பது ரூபாய்க்கு ஒரு குதிரை

2024 செப்டம்பரில் பிரான்ஸின் மோன்பசியேயில் 160 கிலோமீட்டர் நெடுந்தூரக் குதிரையோட்ட உலகப் போட்டியை முடித்து, அப்படி முடித்த முதல் இந்தியர் என்ற பெயரைக் கேரளத்தின் நிதா அஞ்சும் பெற்றார். சாதனைதான். ஆனால், அவரைச் சுமந்து ஓடிய பெட்ரா டெல் ரேயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குள் ‘அடுத்தது பதக்கம்’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பதக்கக் கனவுக்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குதிரையை அளவுக்கு மீறி ஓட்டுவதையும் குற்றமாகவே சொல்கிறது. அபராதம், முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் எழுதிய தொகை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இரண்டு காபிக்குக்கூடக் காணாது.

‘மருத்துவப் பரிசோதனைதான் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. கடைசிக் கட்டம் தவிர மற்ற ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் குதிரையின் இதயத்துடிப்பு கால் மணி நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கு இறங்க வேண்டும். மருத்துவர் ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். குடல் சத்தம் கேட்பார். நொண்டுகிறதா என்று ஓடவிடுவார். இவ்வளவு இருந்தும் 2018-இல் அமெரிக்காவின் டிரையனில் உலகப் போட்டியையே வெப்பமும் ஈரப்பதமும் தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். 50-க்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை. ஒன்றைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. காரணம் குதிரையின் உடலியல். அதன் வியர்வையில் உப்பு மிக அதிகம். நீரோடு உப்பும் வெளியேறிவிடுவதால் தாகம் சரியாக எடுக்காது. உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதும் தொட்டியில் வாய் வைக்காமல் நிற்கும். சவாரிக்காரர் அதைத் தெம்பு என்று நினைத்துக்கொள்வார். வியர்வையே உலராத புதுவைக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

அரபுக் குதிரைக்கு ஓட்டம் பிறவிக்குணம் என்பது சோம்பேறி வாதம். அந்தக் குணம் உலர்ந்த பாலைவனத்தில் வந்தது, கடலோரப் புழுக்கத்தில் அல்ல. வேகம் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை என்பவர்கள் கலிஃபோர்னியாவின் டெவிஸ் கோப்பையைப் பார்க்கட்டும். 1955 முதல் நடக்கும் அந்த 100 மைல் ஓட்டத்தில், 24 மணி நேரத்துக்குள் முடித்தாலே வெற்றி. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளில், மறுநாள் காலைப் பரிசோதனையில் மிக நல்ல உடல்நிலையில் நிற்பதற்கு ஹாகின் கோப்பை. 1964 முதல் இதுவும் அங்கே பெருமைக்குரிய பரிசு. இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதையும் தாண்டிப் போகலாம்: நேரத்தை வைத்து இடம் தரும் வழக்கத்தையே ஒழித்துவிட்டு, மறுநாளும் சேணம் பூட்டத் தகுந்த குதிரைக்கு மட்டும் பரிசு கொடுக்கட்டும். கடலோரத்தில் மார்ச் முதல் செப்டம்பர் வரை போட்டியே கூடாது. அதனால் பதக்கம் கைநழுவுமென்றால், நழுவட்டும்.