கோழியிறைச்சிச் சோதனையும் எமது சமையலறைகளும்

வார இறுதியில் லாச்சப்பலில் இருந்து கோழியிறைச்சியுடன் வீடு திரும்பும் எம்மவர் பலர். பிரான்சில் விற்பது சோதிக்கப்பட்டதுதானே என்ற நம்பிக்கை அவர்களிடம் உண்டு. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்?

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கொல்களத்தில் குளிரூட்டப்பட்ட கோழிகளின் கழுத்துத் தோல் வெட்டியெடுக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்குச் செல்கிறது. சல்மொனெல்லாவுக்கான இச்சோதனையுடன் 2018 இல் கம்பைலோபக்ரர் என்ற பக்ரீரியாவும் சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவில் உணவுவழி வயிற்றோட்டத்துக்கு முதற் காரணி இதுவே. அரிதாக நரம்புகளைத் தாக்கி உடலைச் செயலிழக்கவும் செய்யும். எல்லை கிராமுக்கு 1000. ஐம்பது மாதிரிகளில் 20 வரை இதைத் தாண்டலாம் என்றிருந்தது, 2025 முதல் 10 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலும் தாண்டினால், கொல்களம் தன் சுகாதார முறையைத் திருத்தவேண்டும். கம்பைலோபக்ரருக்கான இவ்விதி, விற்பனைக்குச் சென்ற இறைச்சியைத் திருப்பியழைக்கச் சொல்வதில்லை.

ஆகவே இது கொல்களத்தின் மீதான சோதனை. எமது பையிலுள்ள கோழியின் மீதானதன்று. நன்கு கொதித்த குழம்பில் இக்கிருமி பிழைக்காது. ஆபத்து, அதே பலகையில் நறுக்கிய வெங்காயச் சம்பலில். மஞ்சளிட்டுக் குழாயடியில் பலமுறை கழுவும் எமது வழக்கமும் (தாய்மார் பொறுத்தருள்க!) கிருமியைச் சுற்றிலும் தெறிக்கவைக்கிறது.

கோழிக்கெனத் தனிக் கத்தி, தனிப் பலகை, கொல்களத்தின் அனுமதி எண் கொண்ட நீள்வட்ட முத்திரையுள்ள பெட்டி: இவற்றையே எமது வணிகரிடம் கேட்கிறோம். முத்திரையைக் காட்டுமாறு கேட்பவரை வம்புக்கு வந்தவராக எண்ணாதிருப்பார்களாக.