தறிக்கு ஒரு முழம், கண்ணாடிக்கு ஒன்றரைச் சாண்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அறுபதைத் தாண்டிய நெசவாளர் ஒருவருக்குப் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் வரும் பஸ்ஸின் பலகையைப் படிக்கிறார். கோபுரக் கலசம் பளிச்சென்று தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் கண் தேறிவிட்டது. வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தால், அறுந்த இழை எங்கே என்று தெரியவில்லை.

ஆபரேஷனில் கோளாறு ஏதும் இல்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு வைக்கிற சாதாரண செயற்கை லென்ஸுக்கு ஒரே ஒரு தூரம்தான் தெளிவு. எட்டவும் கிட்டவும் மாறிமாறிக் குவிகிற வித்தை அதற்குத் தெரியாது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எட்டப் பார்வைக்கான பவரை வைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். கிட்டப் பார்வைக்குப் பிறகு கண்ணாடி எழுதித் தருவார்கள். அந்தக் கண்ணாடியும் பேப்பர் படிக்கிற தூரத்துக்கானது, சுமார் ஒன்றரைச் சாண். தறியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கும் நெய்கிற சேலைக்கும் நடுவே ஒரு முழமாவது இருக்கும். பாவு இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுக்கு எட்டினால் இன்னும் அதிகம். பஸ் பலகைக்கும் பேப்பருக்கும் இடையில், இரண்டிலும் சேராமல் விழுந்துகிடக்கிறது அவர் பிழைப்பு.

பைஃபோக்கல் போட்டால் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கவேண்டும். அதற்காக முகவாயைத் தூக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, அச்சுப்பலகையை இழுக்கிறார். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. காஞ்சிப் பட்டில் பார்த்துச் செய்யவேண்டிய இடங்களும் லேசுப்பட்டவை அல்ல. கோர்வையில் பார்டர் இழையும் உடல் இழையும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற இடம் பிசகினால் சேலை முழுக்க அது காட்டிக்கொடுக்கும். பெட்னி முந்தானை என்றால் பழைய பாவின் இழைகளோடு புது நிறத்து இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்கவேண்டும். அரக்கு நிறப் பாவில் அறுந்த அரக்கு இழையை எடுத்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோப்பதற்கு இளசுகளே ட்யூப் லைட்டை அருகே இழுக்கிறார்கள்.

நிறம் இன்னொரு வேடிக்கை. வயதாக ஆக நம் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிறது. எல்லாவற்றையும் பழைய கண்ணாடிச் சில்லு வழியாகப் பார்க்கிறோம், ஆனால் அது தெரிவதில்லை. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவர் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், அதே வேட்டி ஒரு கண்ணுக்கு வெள்ளை, மறு கண்ணுக்குக் கோரா. வாடாமல்லியும் மயில்கழுத்தும் நேற்றுவரை பார்த்த நிறமாக இருக்காது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923-ல் ஒரு கண்ணில் புரை எடுத்துக்கொண்ட பிறகு நிறங்களோடு மல்லாடியவர். நிறக் கண்ணாடியெல்லாம் போட்டுப் பார்த்தார். அன்று கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழக்கமே கிடையாது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக அதைச் செய்தது 1949-ல்.

ஆபரேஷன் ஆன புதிதில் விளக்கைச் சுற்றி வளையம், ஜரிகை மினுக்கும்போது கூச்சம், பார்வையின் ஓரத்தில் பிறை போல நிழல் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் அடங்கிவிடும். தறி விளக்கைத் தலைக்கு நேரே தொங்கவிடாமல், ஜரிகையில் பட்டுக் கண்ணில் தெறிக்காதபடி பக்கவாட்டில் நகர்த்தினாலே பாதிக் கூச்சம் குறையும்.

மாதங்களோ வருஷங்களோ கழித்து மறுபடி மங்கினால், “புரை திரும்ப வந்துடுச்சு, போன காசு போச்சு” என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்குகிற மெல்லிய பை மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிட வேலை. ஆனால் வலி, சிவப்பு, திடீர் மங்கல், மின்னல் போன்ற வெளிச்சத்தோடு கரும்புள்ளிகள் என்றால் காத்திருக்கக் கூடாது, அன்றே ஓடவேண்டும்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அங்கிருந்து பிறந்த ஆரோலேப் 1992 முதல் லென்ஸை இங்கேயே செய்து விலையை இறக்கியது. புரை எடுப்பதில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குறை, எடுத்த பிறகு வருகிற நாட்களில்தான். இத்தனை கண் முடித்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கண் வேலைக்குத் திரும்பியதா என்பதை எத்தனை இடத்தில் கேட்கிறார்கள்?

லென்ஸ் பவரைக் கணிக்க ஒவ்வொரு கண்ணையும் எப்படியும் அளக்கிறார்கள். அப்போதே “என்ன வேலை செய்யறீங்க?” என்று கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மைனஸ் இரண்டு பார்வைக்குக் குறிவைத்தால் தெளிவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டரில் நிற்கும், தறிக்குக் கச்சிதம். தெருவில் நடக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். எது வேண்டும் என்பதை நெசவாளரும் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். விலை கூடிய மல்டிஃபோக்கல் லென்ஸ்தான் விடை என்று நினைக்கவேண்டாம். அதில் இரவு வளையங்கள் கூடலாம், மெல்லிய வெளிச்ச வேறுபாடுகளைப் பிரித்தறியும் கூர்மை குறையலாம். பட்டு இழைக்கு அது ஆகாத குணம்.

கண்ணாடி அற்ப விஷயம் என்பவர்களுக்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தைக் காட்டலாம். 40 வயது கடந்த 751 தொழிலாளர்களில் பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. கண்ணாடி போட்டவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் புரை ஆபரேஷன் ஆனவர்கள் அல்ல; பறித்ததும் இலை, இழையல்ல. இழைக்கு இன்னும் கூர்மையான கண் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் பாவும் ஜரிகையும் தருவதோடு, ஆபரேஷன் ஆன உறுப்பினருக்குத் தறிக் கண்ணாடி ஒன்றையும் தங்கள் செலவில் சேர்த்துக்கொண்டால் கணக்கு உதைக்காது.

அதுவரை நெசவாளர் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. தறியில் வழக்கம்போல உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை விட்டு, கண்ணோரத்திலிருந்து சேலை வரை ஒரு நூலைப் பிடிக்கச் சொல்லலாம். விழுது வரை இன்னொன்று. இரண்டையும் அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி எழுதும் நாளன்று டாக்டர் மேசைமேல் வைக்கலாம்.