இலத்தீன் மறைமொழியும் ஏழை வழக்காளியும்

முறைமன்றத்தின் தாழ்வாரத்தில் நிற்கும் ஓர் உழவனிடம், "உன் வழக்கு எக்சு பார்ட்டி ஆகிவிட்டது" என்று எழுத்தர் சொல்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவன் தலையை அசைத்துவிட்டு ஊர் திரும்புகின்றான். தன்னைக் கேளாமலே தன் நிலம் பிறனுக்குத் தீர்ப்பாகிவிட்டது என்பதையோ, அத்தீர்ப்பை நீக்குமாறு வேண்டத் தனக்கு 30 நாளே உண்டு என்பதையோ அவன் அறியான். அழைப்பாணை முறைப்படி வந்து சேராதிருப்பின், தீர்ப்பை அறிந்த நாளினின்று அந்த 30 நாளை எண்ணலாம் என்று 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் இடந்தருகின்றது. ஆயின், அறிந்த நாள் எது? விளங்காத இரு சொற்கள் காதில் விழுந்த நாளா?

எக்சு பார்ட்டி என்பதற்கு இலத்தீனில் "ஒரு பக்கத்தினின்று" என்பதே பொருள். நம் "ஒருதலை" அதனினும் செறிந்த சொல். கைக்கிளையை ஒருதலைக் காமம் என்று பள்ளி மாணவனும் படிக்கின்றான். காதலுக்குப் பொருந்திய சொல் கடன் வழக்கிற்குப் பொருந்தாதோ?

ஏனைய இலத்தீன் தொடர்களையும் திரை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பவை எளிய அன்றாடச் சொற்களே. அலிபி என்றால் "வேறிடத்தில்". அபிடவிட்டு என்றால் "உறுதிமொழிந்தான்". மாண்டமசு என்றால் "கட்டளையிடுகிறோம்". குவோ வாரண்டோ என்றால் "எந்த உரிமையால்?" என்னும் வெறும் வினா. கேவியட்டு என்றால் "அவன் விழிப்பாயிருக்கட்டும்". என்னைக் கேளாமல் ஆணை பிறப்பிக்கற்க என்று முன்கூட்டியே மன்றத்தில் பதிந்து வைப்பது அது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148அ பிரிவின்படி அது 90 நாள் நின்று காக்கும். பொருள் தெரிந்தவன் காப்புத் தேடிக்கொள்கின்றான். தெரியாதவன் ஒருதலை ஆணையால் தாக்குண்கின்றான்.

ஆங்கிலேயர் விட்டுச் சென்ற முறையைக் கைவிடலாகாது என்பார்க்கு ஆங்கிலேயர் செய்ததையே காட்டல் வேண்டும். 1362இல் மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில், மன்றத்தில் வழங்கிய பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்காமையால், வழக்குரைப்பு ஆங்கிலத்திலேயே நிகழ்க என்று சட்டம் செய்தனர். அச்சட்டமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்பது நகைப்பிற்குரியது! பதிவுகள் மட்டும் இலத்தீனில் நீடித்தன. 1731இல் இயற்றி 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கும் முடிவு கட்டியது. 1999இல் உரிமையியல் வழக்கு விதிகளைப் புதுக்கியபோது, எஞ்சிய எக்சு பார்ட்டியையும் நீக்கி, "அறிவிப்பின்றி" எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அமைத்தனர். உடையவனே கழற்றி எறிந்த பழஞ்சட்டையை இரவல் வாங்கியவன் இன்னும் கழற்ற மறுக்கின்றான்.

தமிழில் சட்ட நுட்பம் அடங்காது என்பார் பெரியபுராணத்தைப் புரட்டுக. திருவெண்ணெய்நல்லூர் அவையில், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றுகள் பேசப்படுகின்றன. சுந்தரர் கிழித்தது படியோலை. முதியவர் பின்னர்க் காட்டுவது மூலவோலை. மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டின்மேல் ஒரு வழக்கே தீர்கின்றது. இது பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல்.

நம்மவர் பிழையையும் மறைத்தல் கூடாது. "ஆட்கொணர்வு" என்பது நாளிதழ் படிக்கும் அனைவர்க்கும் விளங்குகின்றது. ஏபியசு கார்ப்பசு என்பதை அது வென்றுவிட்டது. அதன் உடன்பிறப்பாகிய குவோ வாரண்டோவிற்கோ "தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை" என்று நீட்டி முழக்கினர். "உரிமைவினா ஆணை" என்றால் குறைந்தா போகும்? வக்கீல், வக்காலத்து, சாமீன், சப்தி, அமீனா என்னும் அரபு, பாரசீகச் சொற்களும் இன்னும் குடியிருக்கின்றன. வழக்குரைஞர் என்பது வந்த பின்னும் வக்கீல் வெளியேறவில்லை.

உயர்மன்றத்தின் நிலை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பு அங்கு ஆங்கிலத்தை அமர்த்தியுள்ளது. குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநில மொழியிலும் அங்கு வழக்கு நடத்தலாம் என்கின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அவ்விசைவு கிடைத்தது. 2006இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிக் கேட்டும் தமிழுக்குக் கிடைக்கவில்லை. 1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் சட்டங்கள் மூன்றிற்கும் வடமொழிப் பெயரே சூட்டியுள்ளனர். பாரதீய நியாய சன்கிதா என்பது அவ்வுழவனுக்கு மற்றோர் எக்சு பார்ட்டி.

ஆயினும், கீழமை மன்றங்களுக்குத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. அங்குத் தமிழே மொழியென்று 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்துள்ளது. ஒவ்வோர் அழைப்பாணையின் கீழும், "நீர் வாராவிடின் உம்மைக் கேளாமலே ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம், வழங்கப்பட்டால், அதை நீக்க 30 நாளுக்குள் வேண்டுக" என்று இரண்டு வரி அச்சிடுதல் நாளையே இயலும். உயர்மன்றம் ஒரு சுற்றறிக்கை விடுத்தால் போதும்.