வாத்தியார் வைத்திருந்த நோட்டுப் புத்தகம்



எங்கள் பழைய தோட்டத்து வாத்தியார் சென்ற மாதம் காலமாகிவிட்டார். வயது 87. கோலசிலாங்கூர் பக்கம் அவர் பாடம் சொல்லிக் கொடுத்த அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சாவு வீட்டுக்கு லாரி ஓட்டுகிறவர், தாதி, குமாஸ்தா, பால் வெட்டி ஓய்ந்த பாட்டிமார் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு ஒத்தாசையாக மங்கு துடைக்கப் போனேன். மூன்றாம் நாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் வாத்தியார் கையில் டார்ச் லைட்டோடு நின்றார். யாரையும் திட்டவில்லை.

“ஏம்மா, இவனுக்குச் செக்ரோலில் பேர் உண்டா?”

“இல்லைங்க சார்.”

“அப்போ இவன் செய்யிறது சும்மா வேலைதானே. அந்த நேரத்தை எனக்குக் கொடு.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் பள்ளிக்குப் போனேன். இன்று சங்க வேலையில், கணக்கில் ஏறாத உழைப்பைப் பற்றி நிர்வாகத்தோடு வாதாடும் போதெல்லாம் அந்தப் பெரட்டுக் களம்தான் என் கண்முன் நிற்கிறது. எனக்குத் தொழிற்சங்கம் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டு, ஒரே வாத்தியாரை வைத்து எல்லா வகுப்பையும் நடத்திய தோட்டங்கள் எத்தனையோ. அந்தக் கொட்டகைகளைப் பள்ளிக்கூடங்களாக ஆக்கியவர்கள் நம் வாத்தியார்மார்கள்.

எங்கள் வாத்தியாரிடம் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்தது. லயத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பேர், பிறந்த நாள், தாய் தகப்பன் விவரம் எல்லாம் அதில் இருக்கும். முதலாம் வகுப்பில் சேர்க்க வரும்போது “பிறப்புப் பத்திரம் இல்லே சார்” என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டார். அரசாங்க அலுவலகங்கள் அப்போது சனிக்கிழமை அரைநாள் திறந்திருக்கும். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மலாய் மொழியில் பாரம் எழுதிக் கொடுப்பார். பஸ் காசு பல தடவை அவருடையது.

“சம்பளம் வாங்கினார், வேலை செய்தார், இதிலே என்ன பெரிசு?” என்று ஒருவர் சாவு வீட்டிலேயே கேட்டார். பாடம் நடத்தத்தான் சம்பளம். பஸ் காசுக்கும், விடியற்காலை டார்ச் லைட்டுக்கும் எவன் சம்பளம் கொடுத்தான்? பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, “எம் மகளுக்கு நீல அடையாள அட்டை கிடைச்சது அந்த நோட்டுப் புத்தகத்தாலேதான்” என்று சொல்லி அழுதார். அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

தோழர்களே, இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள்? வாத்தியார் அன்று தோட்டத்திலேயே குடியிருந்தார். இன்றைய ஆசிரியர் பட்டணத்திலிருந்து காரில் வந்து போகிறார். அது அவர் குற்றமல்ல. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல்தான். நம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிவிட்டன. பத்திரம் இல்லாத பிள்ளைகளோ இன்னும் இருக்கிறார்கள்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ளது. பதியாத திருமணத்தில், தாய் வெளிநாட்டவராக இருந்துவிட்டால், தகப்பன் குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிப் போகிறது. இது நம் லயங்களில் நடந்த கதை. ஆகவே திருமணத்தை உடனே பதியுங்கள். பிள்ளை பிறந்தால் தள்ளிப் போடாமல் பதியுங்கள். மூடிய, இடம் மாறிய பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். என்றோ ஒரு நாள் யாருக்கோ அதுதான் அத்தாட்சி.

கடைசியாக ஒன்று. நான் ஆறாம் வகுப்பு முடித்த வருடமே வாத்தியாரும் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை. கூட்டம், பேச்சுவார்த்தை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையோடு போய் நின்றபோது அந்தச் சாக்கு எதுவும் செல்லவில்லை. மே 16 ஆசிரியர் தினம். உங்கள் வாத்தியார் உயிரோடு இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.