பொம்மைப் படத்தைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி

1/ "சார், இவன் வயித்து வலிக்குக் காரணமே கார்ட்டூன் தான். நீங்க சொன்னா கேப்பான். பாக்கக் கூடாதுன்னு சொல்லுங்க சார்."

பெரியபாளையத்துல என் கிளினிக்ல வாரம் தவறாம கேக்குற வசனம் இது. வயித்து வலிக்குப் பதிலா தலைவலி, சாப்பிட மாட்டேங்கிறான், மார்க் குறைஞ்சிருச்சு, எது வேணா வரலாம். குற்றவாளி மட்டும் மாறவே மாட்டார்.

இன்னிக்கு அந்தக் குற்றவாளிக்காக வாதாடப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ பையனுக்கு 7 வயசு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. பையனுக்கு ஒரு மாசமா தொப்புளைச் சுத்தி வலி, காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அதிகம்.

முதல் தடவை வந்தது ஆடி மாசத்து ஞாயித்துக்கிழமை. பவானி அம்மன் கோயில் கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது, கிளினிக் வாசல்லயும் கூட்டம். பூச்சி மருந்து எழுதிட்டு, "கார்ட்டூனைக் குறைங்கம்மா"ன்னு நானும் சொல்லி அனுப்பிட்டேன். மொத்தமே ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை நினைச்சா இன்னிக்கும் வெட்கமா இருக்கு.

3/ ரெண்டு வாரம் கழிச்சு அதே வலியோட வந்தாங்க. யூரின், மலம், ஸ்கேன் எல்லாம் நார்மல்.

அம்மா சொன்னாங்க: "ஒரே படம் சார். அதுலயும் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறான். போனைப் புடுங்கினா அழுகை."

என்ன படம்? தமிழ்ல வந்த 'தி லயன் கிங்'.
எந்த இடம்? இதைப் பையன்கிட்டயே கேட்டேன்.

"அந்தக் குட்டி அவங்க அப்பாவ எழுப்பும்ல... அது."
"ஏன் கண்ணா அதையே பாக்குற?"
"நானும் தாத்தாவ எழுப்பினேன். எழுந்திரிக்கல."

4/ தாத்தா இறந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. காலையில முதல்ல பார்த்தது இந்தப் பையன் தான். வீட்ல அவன்கிட்ட சொன்னது, "தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, வந்துருவாரு." காரியம் முடியற வரைக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

யாரும் கெட்டவங்க இல்ல. பாசத்துல சொன்ன பொய் தான். ஆனா அவன் பக்கத்துல இருந்து யோசிங்க. ஆஸ்பத்திரிக்குப் போன தாத்தா திரும்பி வரல. இப்ப வயித்து வலின்னு அவனையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றாங்க. அந்தப் புள்ளை மனசுல என்ன ஓடியிருக்கும்?

5/ இப்ப சொல்லுங்க. ரெண்டு மாசமா சாவைப் பத்தி அவன்கிட்ட உண்மை பேசினது யாரு? நீங்களா, நானா? கம்ப்யூட்டர்ல செஞ்ச ஒரு சிங்கக்குட்டி தான்.

அந்தப் படத்தைத் தான் நாம எல்லாரும் சேர்ந்து புடுங்கப் பார்த்தோம்.

6/ "சின்னப் புள்ளைங்களுக்குப் போய் சாவெல்லாம் காட்டலாமா டாக்டர்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும்.

2014-ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களையும் பெரியவங்களுக்கான 90 படங்களையும் ஒப்பிட்டாங்க. முக்கியப் பாத்திரங்கள் சாகுற வாய்ப்பு அனிமேஷன்ல 2.5 மடங்கு அதிகம். 1942-ல வந்த 'பாம்பி'ல அம்மா மான் போயிடும். 2003-ல வந்த 'ஃபைண்டிங் நீமோ'ல ஆரம்பத்துலயே அம்மா மீன் போயிடும்.

ஆய்வாளர்கள் இதைப் பெற்றோருக்கான எச்சரிக்கையா சொன்னாங்க. நான் ஒரு வரி சேர்த்துக்கிறேன்: இந்தப் படங்கள்ல சாவுக்கு அப்புறமும் கதை இருக்கு. குட்டி வளருது, சிரிக்குது, வீட்டுக்குத் திரும்புது. இழவு வீட்ல புள்ளைங்களை வெளியே அனுப்புற நாம அந்த மீதிக் கதையைச் சொல்றதே இல்ல.

7/ இதெல்லாம் வெளிநாட்டு வழக்கம்னு நினைக்காதீங்க. நம்ம வட மாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல படுகளம் பார்த்திருக்கீங்களா? மண்ணால பெருசா துரியோதனனைச் செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் தொடையில அடிப்பான். ஒப்பாரி வைப்பாங்க.

அது மண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் கண்ணு கலங்கும். பொம்மைன்னு தெரியறதால தான் பயமில்லாம அழ முடியுது. அம்மா இடுப்புல உக்காந்து புள்ளைங்களும் அதைப் பாக்குறாங்க. அனிமேஷன் படம் செய்யறதும் இதே வேலை தான்.

8/ 2025 ஜூலையில 'மகாவதார் நரசிம்மா' வந்தப்போ ஆயா, தாத்தா, பேரப்புள்ளைங்கன்னு குடும்பமா தியேட்டருக்குப் போனாங்க. பெத்த மகனைக் கொல்லப் பார்க்கிற அப்பன் கதை, கடைசியில அவன் வயித்தைக் கிழிக்கிற காட்சி. அதுவும் பொம்மைப் படம் தானே? சாமி படம்னா பக்தி, சிங்கக்குட்டி படம்னா வயித்து வலியா? என்னங்க நியாயம் இது?

9/ அடுத்த கூட்டம் ஒண்ணு இருக்கு. "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படம் பாக்குறான்"னு பெரியவங்களைக் கிண்டல் பண்ற கூட்டம்.

அவங்களுக்கு 2009-ல வந்த 'அப்' படத்தோட ஆரம்ப நிமிஷங்களைப் போட்டுக் காட்டணும். ஒரு புருஷன் பொண்டாட்டி கல்யாண வாழ்க்கை. குழந்தைக்காக அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. அடுத்த காட்சி டாக்டர் ரூம். அந்தப் பொண்ணு முகத்தை மூடிட்டு அழறா. ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

கல்யாண வீட்டுப் பந்தியில வெச்சே "இன்னும் விசேஷம் இல்லையா?"ன்னு கேக்குற ஊர் நம்ம ஊரு. அந்த மௌனம் யாருக்கானதுன்னு என்கிட்ட சிகிச்சைக்கு வர்ற தம்பதிகளுக்குத் தெரியும்.

10/ 1988-ல ஜப்பான்ல மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டொட்டோரோ'. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாம ரெண்டு பொண்ணுங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க. மியாசாகியோட அம்மாவே முதுகெலும்புக் காசநோயால பல வருஷம் படுக்கையில இருந்தவங்க. டிபி மாத்திரை சாப்பிடுற தாய்மாரை நான் தினம் பாக்குறேன். அந்த வீட்டுப் புள்ளைங்களுக்காக எடுத்த மாதிரியே இருக்கும் அந்தப் படம்.

11/ 2015-ல வந்த 'இன்சைடு அவுட்'. இயக்குநர் பீட் டாக்டர், உணர்ச்சிகளை ஆராய்ச்சி செஞ்ச பால் எக்மன், டேச்சர் கெல்ட்னர்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள்கிட்ட ஆலோசனை கேட்டு எடுத்த படம். 11 வயசுப் பொண்ணோட தலைக்குள்ள சந்தோஷமும் சோகமும் பாத்திரங்களா வரும். சந்தோஷம் தரையில ஒரு வட்டம் போட்டு, சோகத்தை "இதைத் தாண்டி வராதே"ன்னு நிக்க வைக்கும்.

"ஆம்பளப் புள்ள அழலாமா"ன்னு நாம போடுற வட்டம் அது தான். படத்துல அந்தச் சோகம் வெளியே வந்த பிறகு தான் பொண்ணு அப்பா அம்மா மடியில விழுந்து அழுவா, மனசு லேசாகும்.

12/ சரி, எதிர்த்தரப்பு ஆதாரத்தை மறைச்சா நான் டாக்டர் இல்ல. மூணு விஷயம்.

ஒண்ணு: 1997 டிசம்பர் 16, ஜப்பான். போக்கிமான் தொடர்ல சிவப்பும் நீலமும் வேகமா மின்னுன ஒரு காட்சியால 685 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. வெளிச்சம் மின்னினா ஃபிட்ஸ் வர்றவங்க கவனமா இருக்கணும். எல்லாக் குழந்தைக்கும் கார்ட்டூன் பார்த்தா ஃபிட்ஸ் வரும்னு அர்த்தம் இல்ல.

ரெண்டு: 2011-ல 4 வயசுக் குழந்தைகள் 60 பேரை வெச்சு ஒரு ஆய்வு. வேகமான கார்ட்டூனை 9 நிமிஷம் பார்த்த குழந்தைகள், அடுத்து கொடுத்த கவனச் சோதனைகள்ல பின்தங்கினாங்க. நிதானமான கார்ட்டூன் பார்த்தவங்களும் படம் வரைஞ்சவங்களும் அப்படிப் பின்தங்கல.

மூணு: இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்றது, 2 வயசுக்குள்ள சொந்தக்காரங்களோட வீடியோ காலைத் தவிர திரையே வேண்டாம். 2 முதல் 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.

13/ இந்த மூணையும் நான் ஏத்துக்கிறேன். இப்ப உங்க வீட்டைப் பாருங்க. ஒன்றரை வயசுக் குழந்தை வாயைத் திறக்கறதுக்கு போன். பஸ்ல போன். ஆஸ்பத்திரி வரிசையில போன். 20 நொடிக்கு ஒரு வீடியோ, அது முடியறதுக்குள்ள அடுத்தது. இதுக்கும் ஒன்றரை மணி நேரம் உக்காந்து முழுசா பாக்குற ஒரு கதைக்கும் 'கார்ட்டூன்'னு ஒரே பேரு வைக்காதீங்க. கூழும் சாராயமும் ரெண்டுமே திரவம் தான். ஒண்ணா?

புருஷன் 12 மணி நேர ஷிஃப்ட், வீட்ல ஒத்த ஆளா சமையலும் புள்ளையும். அந்தத் தாய்கிட்ட "போன் ஏன் கொடுத்தே"ன்னு நான் கத்த மாட்டேன். ஆனா போனைக் கொடுத்தது நாம, பழியைச் சுமக்கறது பொம்மையா?

14/ என்ன செய்யலாம்?

• 2 வயசுக்கு மேல, வாரத்துக்கு ஒரு படம். தமிழ்ல, முழுசா. சின்னக் குழந்தைன்னா நாளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கலாம். சோறு ஊட்டுற நேரத்துல வேண்டாம்.
• முடிஞ்ச வரைக்கும் பக்கத்துல உக்காருங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி: "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"
• ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பாக்குதா? திட்டாதீங்க. ஏன்னு கேளுங்க. பதில் அங்க தான் இருக்கும்.
• வீட்ல சாவு நடந்தா "தூங்கிட்டாரு", "ஊருக்குப் போயிட்டாரு" வேண்டாம். "இறந்துட்டாரு. இனிமே வர மாட்டாரு. நாங்க உன்கூட இருக்கோம்." இவ்வளவு போதும். இதே கேள்வியைப் பத்து தடவை கேப்பாங்க. பத்து தடவையும் இதே பதில்.

15/ முக்கியம்: எல்லா வயித்து வலியும் மனசு வலின்னு முடிவு பண்ணிடாதீங்க. எடை குறையறது, தூக்கத்துல இருந்து எழுப்புற வலி, தொடர் வாந்தி, காய்ச்சல், மலத்துல ரத்தம், தொப்புளை விட்டு ஒரு பக்கமா வலி. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க.

16/ அந்தப் பையன்? அப்பா அன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்கு லீவு போட்டுட்டு, அவனை மடியில உக்கார வெச்சு உண்மையைச் சொல்லியிருக்காரு. பையன் அழுதானாம். அவரும் தான். அவருக்கு அது அப்பா ஆச்சே, அதுவரைக்கும் அவரும் அழவே இல்லையாம்.

வலி மறுநாளே போயிடல. மெதுவா குறைஞ்சு, ரெண்டு மாசத்துல நின்னுச்சு.

போன வாரம் சளிக்கு வந்தான். "இன்னும் அந்தச் சிங்கப் படம் பாக்குறியா?"ன்னு கேட்டேன்.

"நான் இப்ப ஸ்பைடர்மேன் தான் டாக்டர். நைட் ஷிஃப்ட் இல்லாத அன்னிக்கு அப்பா தான் சிங்கப் படம் போடச் சொல்றாரு."