அம்மாட போனுக்கு வாற ஸ்டிக்கர்

இந்தமுறை ஒலிப்பதிவில் நேரம் போதாமல் விட்டதை இங்க எழுதுறன். ஹவுகன்ஸ்டுவாவில எங்கட அம்மாமார் விடியக்காலமை அனுப்புற வாட்ஸ்அப் ஸ்டிக்கர் எல்லாம் வெப்பி படங்கள். அந்தப் படங்களைத் திறக்கிற வேலையை அநேகமான மென்பொருட்களில் செய்வது லிப்வெப்பி என்ற திறந்த மூல நூலகம். சி மொழியில் எழுதினது.

2023 செப்டம்பரில் அதில் ஒரு ஓட்டை பிடிபட்டது. ஹஃப்மன் அட்டவணைக்கு ஒதுக்கின இடத்தையும் தாண்டி, திட்டமிட்டுச் செய்த ஒரு படம் நினைவகத்தில் எழுதக்கூடியதாக இருந்தது. ஆப்பிளின் பாதுகாப்பு அணியும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப்பும் அறிவித்தபோது, ஆரோ அதைப் பாவிக்கத் தொடங்கியும் விட்டார்கள்.

எனக்குக் கோபம் ஓட்டையில இல்லை. சி-யில் எழுதினால் இப்பிடி வரும். முதலில் அதைக் குரோமின் பிழை என்று மட்டும் பதிஞ்சு வைச்சதிலதான் கோபம். அதே நூலகம் ஃபயர்பாக்ஸில், எலக்ட்ரான் செயலிகளில், ஏன், எங்கட ஒஸ்லோவில் ட்ரோல்டெக் உருவாக்கின கியூட்டியிலும் இருந்தது. குரோமைப் புதுப்பிச்சிட்டு வேலை முடிஞ்சுது என்று எத்தனை பேர் இருந்திருப்பினம்?

ரஸ்டில் திருப்பி எழுதச் சொல்றது சரிதான், ஆனா அதுக்கு வருஷக்கணக்கு எடுக்கும். அதுவரைக்கும் மென்பொருள் விக்கிற கொம்பனி, உள்ளே என்ன நூலகம், எந்தப் பதிப்பு என்று பட்டியல் தரவேணும். உங்களில் கனபேர் இந்தத் துறையில்தானே வேலை செய்யிறீங்கள், கேளுங்கோ.

மற்றது, புதுப் போன் வாங்கினதும் பழசை அம்மாட்ட குடுக்கிறனீங்கள். அதுக்கு இன்னும் அப்டேட் வருதோ? வராட்டி புதுசை அவவிட்ட குடுங்கோ.